ஒன்பதாம் வரிசைக்கு மேலே ஒரு துண்டு

துண்டு போட்டாயிற்று, இனி என்ன பயம் என்று ஆவுடையப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். இருந்தது. ஒன்பதாம் வரிசைக்கு மேலே, சாமான் வைக்கிற வெள்ளைப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்க, உள்ளே சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு ஒரு பை உட்காருகிற அகலத்துக்கு மடித்துக் கிடந்தது. மடிப்பு கலையவில்லை. யாரும் தொட்ட மாதிரித் தெரியவில்லை. தொட்டால் தெரியும். இருபத்தாறு வருஷம் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் கோவில்பட்டிக்கும் தினம் பஸ்ஸில் போய்வந்து, சார்பதிவாளர் ஆபீசில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷனுக்கு, தான் போட்ட துண்டை இன்னொருத்தன் தொட்டானா இல்லையா என்று தெரியாதா? தெரியும். ஆனால் அது பஸ். இது விமானம். அறுபத்தோரு வயசில் இதுதான் முதல் விமானம், மதுரையிலிருந்து பம்பாய்க்கு. இங்கே துண்டுக்கு என்ன மரியாதை என்று யாரிடம் போய்க் கேட்பது? சீட்டு வாங்கியாயிற்று, பெல்ட் போடுவது எப்படி என்று வீடியோ பார்த்தாயிற்று, காது அடைத்தால் கொட்டாவி விட வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தாயிற்று. துண்டைப் பற்றி ஒரு பயலும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்ததும் அவருடைய சீட் இல்லை. அவருடையது இருபத்துநாலு பி, எங்கேயோ வாலுப் பக்கம். இது ஒன்பது சி, காந்திமதியின் சீட். காந்திமதி இன்னும் வரவில்லை. இரண்டாவது பஸ்ஸில் வருகிறாள். அவள் வரும்வரை சீட்டை உடம்பாலும் மேலே இருக்கிற இடத்தைத் துண்டாலும் காப்பாற்ற வேண்டும். இதைவிடப் பெரிய வேலையை அவர் சார்பதிவாளர் ஆபீசில்கூடச் செய்ததில்லை.

எல்லாம் மாப்பிள்ளை செய்த வேலை. நேற்று ராத்திரி போனில், "மாமா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கிடுங்க, லேட்டா ஏறினா மேல இடம் இருக்காது, பையை வாங்கிக் கீழ அனுப்பிருவாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். இவருக்குத்தான் தூக்கம் போயிற்று. கீழே என்றால் விமானத்தின் வயிற்றுக்குள்ளே, அங்கே சாமானை எப்படி எறிகிறார்கள் என்றும் அதே வீடியோக்காரன் காட்டியிருந்தான். பெட்டிகள் பந்து மாதிரிப் போய் விழுகின்றன. அந்தப் பையில் இருப்பதோ கண்ணாடி வளையல். நாளைக் காலையில் மகள் வடிவுக்கு வளைகாப்பு. நெல்லையப்பர் கோயில் வாசல் கடையில் இரண்டு மணி நேரம் நின்று, காந்திமதி ஒவ்வொரு வளையலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பச்சையில் பொன் பொட்டு வைத்தது, சிவப்பு, மஞ்சள், ராணிக் கலர் என்று பொறுக்கி, அம்பாள் பாதத்தில் வைத்து எடுத்து, பருத்தித் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, பையில் வைத்து, அந்தப் பையைக் கைக்குழந்தையை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டுதான் மதுரை வரைக்கும் வந்தாள். "பம்பாய்ல கெடைக்காத வளையலாம்மா?" என்று வடிவு போனில் சிரித்தாள். சிரிக்கட்டும். சீட்டுக்கு அடியில் வைக்கலாமே என்று மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னான், படித்த பையன், ஆனால் அம்பாள் பாதத்தில் இருந்ததைக் கொண்டுபோய் மனுஷன் செருப்புக் காலுக்குப் பக்கத்தில் வைப்பார்களா? மடியில் வைக்கக் கூடாதாம். அப்போது மேலேதான். வேறு வழி இல்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை இரண்டு சீட்டையும் இரண்டு கோடியில் போட்டுக் கொடுத்து, பின்வரிசைக்காரர்கள் முதல் பஸ், முன்வரிசைக்காரர்கள் இரண்டாவது பஸ் என்று சொன்னதும் ஆவுடையப்பனுக்கு ஒரு நொடி முழி பிதுங்கி, அடுத்த நொடி பழைய மூளை வேலை செய்தது. நான் முதல் பஸ்ஸில் போய் இடம் பிடிக்கிறேன், நீ பின்னால் வா. "பையை எங்கிட்ட குடு, நானே கொண்டு போயிருதேன்" என்று கையை நீட்டினார். காந்திமதி பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "உங்க கையிலயா? நீங்க ஆட்டிக்கிட்டே போவீங்க. துண்டை மட்டும் கொண்டு போங்க" என்றாள். அதுவும் நியாயம்தான். அவள் நியாயத்தைவிட அதில் இன்னொரு நியாயம் இருந்தது, அது அவருக்கு மட்டும் தெரிந்த நியாயம், அதை இப்போது நினைக்கக் கூடாது. துண்டை நினைக்கலாம்.

துண்டு என்றால் சும்மாவா? ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் கோவில்பட்டி வண்டி நுழைந்து வளைந்து நிற்பதற்குள், ஓடிக்கொண்டே ஜன்னல் வழியாக அவர் எறிகிற துண்டு சரியாக மூன்றாவது சீட்டில் போய் விழும். விழுந்தால் அது ரிஜிஸ்டர் ஆன பத்திரம். வில்லங்கம் கிடையாது. பேப்பர் போட்டவனை எழுப்பலாம், ஏனென்றால் பேப்பர் காற்றில் வந்து விழுந்ததாகச் சொல்லலாம். கைக்குட்டை போட்டவன் சண்டைக்கு வந்தால் கொஞ்சம் யோசிக்கலாம். குடை போட்டவனைத் திட்டலாம். ஆனால் துண்டு போட்ட இடத்தில் உட்கார இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தன் துணிந்ததில்லை, நிற்கிறவனெல்லாம் அந்தத் துண்டைப் பார்த்தபடியே நின்றுகொண்டு வருவான், அந்தத் துண்டோ ராஜா மாதிரித் தனியாக உட்கார்ந்திருக்கும், துண்டுக்குச் சொந்தக்காரன் நிதானமாக டீ குடித்துவிட்டு ஏறுவான். ஒரே ஒரு நாள் மட்டும் அவசரத்தில் சங்கரன்கோவில் வண்டியில் போட்டுவிட்டார். துண்டு சங்கரன்கோவில் போய்விட்டு மறுநாள் வந்தது. கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்து, "சார், நீங்க வரலைன்னாலும் உங்க சீட்ட யாருக்கும் குடுக்கல, கடைசி வரைக்கும் காலியாத்தான் கெடந்துச்சு" என்றார். அதல்லவா சட்டம்! இங்கே விமானத்துக்குள் ஏறியதும் ஓட இடம் இல்லை, ஜன்னல் திறக்கவில்லை, ஆனாலும் முதல் ஆளாக ஏறினார். அந்த ஏர்போர்ட் பஸ்ஸில் அனுபவஸ்தனாகக் கதவை ஒட்டித்தான் நின்றார், பாழாய்ப் போனவன் மறுபக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான், இருந்தும் முழங்கையைக் கொஞ்சம் அகட்டி, இரண்டு கல்லூரிப் பையன்களையும் ஒரு சாமியாரையும் தாண்டி, படியில் தாவி, வணக்கம் சொன்ன பிள்ளைக்குப் பதில் வணக்கம்கூடச் சொல்லாமல் ஒன்பதாம் வரிசைக்கு வந்து துண்டைப் போட்டபோது மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது, ஆனால் ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக உடம்பில் ரத்தம் ஓடுகிறது என்று தோன்றியது. சாமியார் பாவம். கையில் கமண்டலம் மாதிரி ஏதோ வைத்திருந்தார். பரவாயில்லை, சாமியாருக்கு மகள் இல்லை.

மறுபடி அண்ணாந்து பார்த்தார். துண்டைக் காணோம். எழுந்து எட்டிப் பார்த்தால், இருக்கிறது, துண்டு அடியில் இருக்கிறது, மேலே ஒரு கோட்டு. சாம்பல் நிறக் கோட்டு, மடித்து, உள்பக்கப் பட்டு வெளியே தெரிய, துண்டின் மேல் ஜம்மென்று படுத்திருக்கிறது. யாருடைய கோட்டு? நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒன்பது டியில் ஒருத்தர் போனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்துப் பெட்டி முழுக்கப் பின்வரிசைக்காரர்கள் போகிற போக்கில் திணித்துவிட்டுப் போன பெட்டிகள், அதனால்தான் இந்தப் பக்கம் கை நீண்டிருக்கிறது. ஆவுடையப்பன் கையை உள்ளே விட்டார். துண்டை உருவி எடுத்தார், உதறினார், கோட்டின் மேல் போட்டார். உட்கார்ந்தார். இரண்டு மூச்சு விடுவதற்குள் கோட்டுக்காரர் எழுந்தார், கோட்டை உருவினார், துண்டின் மேல் போட்டார். உட்கார்ந்தார். அடேயப்பா, தொழில் தெரிந்த ஆள்! பார்த்தால் பெரிய கம்பெனி ஆள் மாதிரி இருக்கிறார், செய்கிறதெல்லாம் பஸ் ஸ்டாண்டு வேலை. இவரும் துண்டு போட்டு வளர்ந்தவர்தான், துண்டுக்குக் கோட்டு என்று பேர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆவுடையப்பனுக்குக் கோபம் பாதி, மரியாதை பாதி. "சார், இது உங்க கோட்டா?" "ஆமா, ஏன்?" "அடியில ஒரு துண்டு கெடக்கு, பாத்தீங்களா?" "பாத்தேன். தொடைக்கிறவங்க மறந்து வெச்சிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்." தொடைக்கிறவங்களா! போன தீபாவளிக்கு எடுத்த துண்டு! காது சூடாகிவிட்டது ஆவுடையப்பனுக்கு. பேச்சில் தூத்துக்குடி வாடை அடித்தது, அதனால் கோபம் இன்னும் ஏறியது, வடக்கத்தி ஆள் என்றால் தெரியாமல் செய்தான் என்று விடலாம், தூத்துக்குடிக்காரருக்குத் துண்டு தெரியாதா? "என் வீட்டம்மா ரெண்டாவது பஸ்ல வாராங்க சார், பை வரணும்" என்றார் இவர். "என் ஒய்ஃபும் ரெண்டாவது பஸ்லதான் சார், நான் இடம் பிடிக்க முன்னாலயே ஏறிட்டேன், பெட்டி வரணும்" என்றார் அவர். "எங்க பையில கண்ணாடி." "எங்க பெட்டியில ரெண்டு கிலோ மக்ரூன். தூத்துக்குடியில இருந்து அலுங்காம கொண்டாந்திருக்கோம். கீழ போட்டா மாவாப் போயிரும்." மக்ரூன்! தின்கிற பண்டம்! மாவாகப் போனால் ஸ்பூனால் தின்னுங்களேன், ஐயா, ருசி குறையுமா? இது அப்படியா? இது உடைந்தால்?

உடைந்தால் என்று நினைத்ததும் மனசு போய் முட்டி நின்றுவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கேயே வந்து நிற்கிறது, மூன்று வருஷமாக இதே கதைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வடிவு முதல் தடவை முழுகாமல் இருந்தாள், கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து வந்தது, நாலாம் மாசம், காந்திமதிக்குத் தரையில் கால் பாவவில்லை, வளைகாப்புக்கு இன்னும் மூன்று மாசம் இருக்கும்போதே ஒரு டஜன் வளையலை வாங்கிக் காகிதத்தில் சுற்றி நாற்காலியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். ஆபீசிலிருந்து வந்தவர் மின்விசிறியைப் போட்டுவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தார். நொறுக்கென்று ஒரு சத்தம். சத்தம் சின்னதுதான், அப்பளம் உடைகிற மாதிரி. இரண்டு வளையல். இரண்டே இரண்டு. அதைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைவாளியில் முருங்கைக்கீரைக் காம்புக்கு அடியில் ஒளித்துவிட்டு, மிச்சம் பத்தைப் பழையபடி கட்டி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி பேப்பர் படித்தார். ஒன்பதாம் நாள் பம்பாயிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளைதான் பேசினான், பேச முடியாமல் பேசினான். டாக்டர் ஏதோ காரணம் சொன்னார், படித்த டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி, அவர் சொன்ன காரணத்தில் நாற்காலியும் இல்லை, வளையலும் இல்லை, ஆவுடையப்பன் உட்கார்ந்ததும் இல்லை. அவருக்கும் தெரியும். தெரியாமலா? மூட நம்பிக்கை வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் அந்த நொறுக் கேட்கிறது, அதற்கு யார் என்ன செய்ய? நாற்காலியைப் பார்த்து உட்காராத ஒரு மனுஷனுக்காக ஒரு பிள்ளை போய்விட்டது என்று ஏதோ ஒன்று உள்ளேயிருந்து சொல்கிறது, அதனிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னால் சிரிக்கிறது. அன்றையிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். இந்த விமானச் சீட்டையும் தடவிப் பார்த்தார், பின்வரிசைக்குப் போன ஒரு அம்மாள் ஒரு மாதிரிப் பார்த்தார். காந்திமதியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? சொல்லி, அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? ஒன்றும் சொல்லாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டால்? இந்தத் தடவை ஒன்று, ஒற்றை வளையல்கூட உடையாமல் வடிவு கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். வேறு ஒன்றும் வேண்டாம் அம்பாளே, விமானம் ஆடினால் ஆடட்டும், காது அடைத்தால் அடைக்கட்டும்.

"சார், இந்தத் துணி யாரோடது?" விமானப் பணிப்பெண் நின்றுகொண்டிருந்தாள், கையில் துண்டு, அதுவும் இரண்டு விரலால் பிடித்திருந்தாள். "துணி இல்லம்மா, துண்டு. என்னோடது. அங்கனயே வெச்சிருங்க." "இப்படி ரிசர்வ் பண்ணக் கூடாது சார். அந்தக் கோட்டு?" கோட்டுக்காரர் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். "உங்க சீட் நம்பர் சொல்லுங்க சார்." இருபத்துநாலு பி என்று சொன்னால் எழுப்பிவிடுவாள், ஒன்பது சி என்று சொன்னால் பொய். இருபத்தாறு வருஷம் பத்திர ஆபீசில் இருந்து பொய் சொல்லாமல் வெளியே வந்த மனுஷன் ஒன்பதுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "என் வீட்டம்மா வாராங்க" என்றார். "அது நம்பர் இல்ல சார்." பின்னால் ஒருத்தர் பெரிய பெட்டியோடு வந்து, அந்த இடத்தைப் பார்த்துவிட்டார், பார்த்துவிட்டார், கண் போன போக்கிலேயே பெட்டியும் மேலே எழும்பியது. ஆவுடையப்பன் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் எழுந்து தன் இரண்டு கையையும் மேலே வெள்ளைப் பெட்டிக்குள் விட்டுப் பரப்பிவிட்டார். துண்டு போனால் போகட்டும், கை இருக்கிறதல்லவா? அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கையும் வந்து பரவியது, பார்த்தால் கோட்டுக்காரர் கை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பெட்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். பணிப்பெண் பெருமூச்சு விட்டாள். அவளுக்கும் வீட்டில் ஒரு அப்பா இருப்பார் போல. "ரெண்டாவது பஸ் வந்துடுச்சு சார். ரெண்டு நிமிஷம். உங்க மேடம் வரலைன்னா நானே வேற லக்கேஜ் வெச்சிடுவேன்." இரண்டு நிமிஷம். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மனுஷனுக்கு இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் தெரியுமா? தோள்பட்டை கடுத்தது. "உங்க பையில என்ன கண்ணாடி சார்?" என்று கோட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "வளையல். மகளுக்கு." கோட்டுக்காரரின் கை ஒரு சாண் பின்வாங்கியது. மக்ரூனுக்கு இவ்வளவு போதும் என்பது போல.

முதலில் ஏறி வந்தது ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். காதில் ஏதோ மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள். அவள் கையில் மூன்று வளையல். பச்சை, பொன் பொட்டு வைத்தது. நம்ம வளையல் மாதிரியே இருக்கே என்று நினைத்தார். ஊரில் ஒரே ஒரு கடையா இருக்கிறது? இருக்கும். அடுத்து ஒரு வடக்கத்தி அம்மாள், முக்காடு போட்டவர், கையில் ராணிக் கலரும் பச்சையும் கலந்து நாலு. அதற்கும் அடுத்து கைக்குழந்தைக்காரி ஒருத்தி, சிவப்பு, மஞ்சள், பச்சை, பொன் பொட்டு. ஆவுடையப்பனுக்கு வேர்த்துவிட்டது. ஒன்று என்றால் சரி, இரண்டு என்றால் தற்செயல், மூன்றாவதும் அதேதான் என்றால் என்ன அர்த்தம்? பை கிழிந்துவிட்டது. கிழிந்து, பஸ்ஸில் எல்லாம் கொட்டிவிட்டது. கொட்டியதை ஆளுக்கு ஆள் பொறுக்கிப் போட்டுக்கொண்டார்கள், கல்யாண வீட்டில் காசு இறைத்த மாதிரி, கூச்ச நாச்சம் இல்லாமல், அந்த முக்காடு போட்ட அம்மாளும்கூட! பொறுக்கியது போக மிச்சம்? கீழே விழுந்தது? நொறுக் நொறுக்கென்று மிதிபட்டது? காந்திமதி எங்கே? விழுந்துவிட்டாளா? வளையலைக் காப்பாற்றப் போய் அவள் விழுந்து, முட்டி பெயர்ந்து, பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டு... கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எம்மா, எம்மா, இந்த வளையல் ஏதும்மா?" என்று கைக்குழந்தைக்காரியிடம் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, "பஸ்ல ஒரு அம்மா போட்டுவிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போட்டுவிட்டாங்களா? அடுத்து ஒரு அம்மாள் சிவப்புப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், இரண்டு கையிலும் ஆறு ஆறு, கோட்டுக்காரரைப் பார்த்ததும், "ஏங்க, இத மேல வைங்க, கீழ வாங்கப் பாத்தாங்க, நான் குடுக்கல" என்று பெட்டியை நீட்டிவிட்டுக் கையை ஆட்டிக் காட்டினார். "பாத்தீங்களா? எத்தனை வருஷமாச்சு கண்ணாடி வளையல் போட்டு!" கோட்டுக்காரர் பெட்டியை வாங்கினார், ஆனால் மேலே வைக்கவில்லை. ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பன் அவரைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காந்திமதி கடைசி ஆளாக வந்தாள். பையைக் காணோம். அது வெறும் துணியாய் மடித்துக் கக்கத்தில் இருந்தது. இரண்டு கையும் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் வளையல், ஒரு கைக்கு இருபத்தொன்று, நடுவில் இடமில்லாமல் அடுக்கி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, ஈரச் சாயம் பூசியவள் மாதிரி நடந்து வந்தாள். ஐம்பத்தேழு வயசு. முகம் சிவந்து கிடந்தது. வாழ்க்கையில் ஒரு நாளும் அவளை இவ்வளவு வளையலோடு பார்த்ததில்லை என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது, நல்லாத்தான் இருந்தாள். "ஏன் இப்படி முழிக்கீங்க? கேட்டுல இருந்த பிள்ளை, மேல இடம் இல்ல, பையைக் கீழதான் அனுப்பணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. சரி, பையைத்தானே அனுப்பணும், வளையலை நீ என்ன சொல்லுவேன்னு பெட்டியப் பிரிச்சிட்டேன். வடிவு செட்ட நான் போட்டுக்கிட்டேன், அவளுக்குத்தான் கை வீங்கி இப்ப என் அளவு ஆயிட்டுல்லா. வாரவங்களுக்குக் குடுக்க வெச்சிருந்தத எல்லாம் அங்கயும் பஸ்லயும் நின்ன பொம்பளைங்களுக்குப் போட்டுவிட்டேன். அந்தக் கேட்டுப் பிள்ளைக்கும் நாலு." "எறங்குனதும் திருப்பி வாங்கணுமே, யாரு யாருன்னு..." "திருப்பியா! போட்ட வளையலைக் கழட்டச் சொல்லுவாங்களா யாராவது? வளைகாப்புக்கு வந்தவங்களுக்குப் போடுததுதானே. இவங்க கொஞ்சம் முன்னாலயே வந்துட்டாங்க, அம்புட்டுதான்." மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்பது சியில் உட்கார்ந்தாள். மேலே அவ்வளவு நேரம் கையால் காத்த இடம் காலியாகக் கிடந்தது; ஆவுடையப்பன் ஒரு சைகை காட்ட, கோட்டுக்காரர் சிவப்புப் பெட்டியை அங்கே ஏற்றி, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி மெதுவாகத் தள்ளினார்.

"பெல்ட்டைப் போட்டு விடுங்க, எனக்குக் கையை மடக்க முடியல" என்றாள் காந்திமதி. ஆவுடையப்பன் குனிந்தார். முப்பத்துநாலு வருஷத்தில் அவளுக்கு ஒரு செருப்பு வார்கூடப் போட்டுவிட்டதில்லை. வீடியோவில் பார்த்தது ஒன்று, இது ஒன்று; ஒரு நுனி அவளுக்கு அடியில் கிடந்தது, இழுத்தார், வரவில்லை, இன்னும் கொஞ்சம் இழுத்தார், அது சடாரென்று வந்தது, அவருடைய கைக்கடிகாரம் போய் அவள் இடது கையில் மோதியது. நொறுக். சத்தம் சின்னதுதான். அவருக்கு அது விமானமே இரண்டாய்ப் பிளந்த மாதிரிக் கேட்டது. ஒரு பச்சை வளையல், இரண்டு துண்டாய், அவள் மடியில். குனிந்தவர் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. நான்தான். இந்தத் தடவையும் நான்தான். இத்தனை பேர் கையில் போட்டு உடையாத வளையல் என் கை பட்டு உடைந்தது. "கீறிச்சா?" என்றாள் காந்திமதி. அவள் அவருடைய விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரத்தம் இல்ல. கண்ணாடின்னா உடையத்தான் செய்யும், அதுக்கு ஏன் இப்படி நடுங்குதீங்க?" "காந்தி, போன தடவையும் நான்தான்" என்றார். "நாற்காலியில இருந்துச்சு. பாக்காம உக்காந்துட்டேன். ரெண்டு உடைஞ்சிட்டு. உங்கிட்ட சொல்லல." காந்திமதி உடைந்த துண்டுகளை எடுத்துப் பையின் மடிப்புக்குள் போட்டாள். "தெரியும். அன்னைக்கே குப்பைவாளியில பாத்தேன், முருங்கைக் காம்புக்கு அடியில. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன், சொல்லல, சரி, மறந்துட்டீங்க போலன்னு விட்டுட்டேன்." "மறக்கல." "மூணு வருஷமாவா?" அவர் தலையை ஆட்டினார். அவள் அவரையே பார்த்தாள். அவர் மூன்று வருஷமாகப் பயந்த பார்வை இல்லை அது. "கிறுக்கு மனுஷா," என்றாள், முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக மரியாதை இல்லாமல், "அதுக்கு வளையல் என்ன செய்யும், நீங்க என்ன செய்வீங்க? எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்லா." நடைபாதையில் அப்படியே நின்று ஆவுடையப்பன் அழுதார், சத்தமில்லாமல், துடைக்கத் துண்டும் பணிப்பெண்ணிடம் போய்விட்டதால், சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு. கோட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். பணிப்பெண் வந்து பக்கத்தில் நின்றாள். முன்னாலும் பின்னாலும் நூற்றைம்பது பேர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டி, நின்றுகொண்டிருக்கிற ஒரே மனுஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போதும், போய் உங்க சீட்டுல உக்காருங்க" என்றாள் காந்திமதி. "பிளேன் உங்களுக்காகத்தான் நிக்கு."